அவாவு நிலைச் சோதனை: கூட்டல் கழித்தல் குறிகளில் கவனம்

உளவியல் செய்முறை வகுப்பில் பார்வைக்கு எளிதாக இருந்து, கணக்கில் காலை வாரிவிடுவது அவாவு நிலைச் சோதனை; ஒருவர் தனக்கு எவ்வளவு உயரத்தில் இலக்கு வைக்கிறார் என்பதைப் பார்ப்பது இது. ஒரு சிறு வேலையைப் பலமுறை செய்யச் சொல்லி, ஒவ்வொரு முறைக்கும் முன்பு "இந்த முறை எவ்வளவு எடுப்பீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினின் மாணவராக இருந்த ஃபெர்டினாண்ட் ஹோப்பெ 1930-இல் வெளியிட்ட ஆய்வில் வேர்கொண்ட முறை இது.

கேள்வியிலேயே சிலர் சறுக்குகிறார்கள். "எவ்வளவு எடுக்க ஆசை?" என்று கேட்டால் வரும் விடை வேறு, "எவ்வளவு எடுப்பீர்கள்?" என்றால் வரும் விடை வேறு. நடுவில் கேள்வியை மாற்றாதீர்கள். எடுத்த மதிப்பெண்ணைச் சொன்ன பிறகே அடுத்த இலக்கைக் கேளுங்கள்.

பெரும்பாலான பிழைகள் கழித்தலில்தான் நேர்கின்றன. இலக்கு விலகல் என்பது அடுத்த முறைக்கு வைத்த இலக்கிலிருந்து இப்போது எடுத்த மதிப்பெண்ணைக் கழிப்பது. அடைவு விலகலோ, எடுத்த மதிப்பெண்ணிலிருந்து அதே முறைக்கு வைத்த இலக்கைக் கழிப்பது. ஒருவர் வைத்த இலக்குகள் 20, 22, 25, 24, 24. எடுத்தவை 18, 24, 19, 26, 23 என்று வைத்துக்கொள்வோம். இலக்கு விலகல்கள் +4, +1, +5, −2. கூட்டினால் 8, சராசரி 2. முயற்சிகள் ஐந்தாயிற்றே என்று ஐந்தால் வகுத்து 1.6 என்று எழுதிவிடுகிறார்கள். முதல் இலக்குக்கு முந்தைய மதிப்பெண்ணே கிடையாது. ஆகவே நான்கால்தான் வகுக்க வேண்டும். அடைவு விலகலுக்கு ஐந்தும் உண்டு: −2, +2, −6, +2, −1; சராசரி −1. குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 2.6 வரும். இலக்கை எட்டாதவர் எட்டியவராகிவிடுவார்!

சராசரியை மட்டும் எழுதி நிறுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது. ஒருவரின் இலக்கு விலகல்கள் +6, −6, +6, −6. இன்னொருவருக்கு நான்கும் சுழியம். இருவருக்கும் சராசரி சுழியம்தான். முதலாமவர் ஒவ்வொரு முடிவுக்கும் அலைபாய்கிறார், மற்றவர் எடுத்ததையே மீண்டும் இலக்காக வைக்கிறார். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைச் சேர்த்து எழுதினால்தான் இந்த வேறுபாடு தெரியும். சராசரியிலிருந்து உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுப்பதே அது. நான்கால் வகுத்தால் முதலாமவருக்கு 6, மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 6.93. எதால் வகுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

முந்தைய மதிப்பெண்ணைவிடச் சற்று உயர்த்தி இலக்கு வைப்பது பெரும்பாலோரின் இயல்பு. ஒரே வேலையில் இலக்கு விலகல் எதிர்க்குறியில் வந்ததை வைத்து ஒருவரைத் தன்னம்பிக்கையற்றவர் என்று எழுதிவிடாதீர்கள். அந்த வேலை அவருக்குப் புதிதாக இருந்திருக்கலாம்.