கேஸ் அடுப்பில் புதுச் சத்தம் கேட்டால் எங்கே பார்ப்பது

கேஸ் அடுப்பிலிருந்து வழக்கமில்லாத சத்தம் வந்தால் எடுத்த எடுப்பிலேயே பர்னரைக் கழற்றித் தேய்க்க உட்காராதீர்கள். முதலில் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டதா, நிற்கவில்லையா? தீ எரியும்போது மட்டும் வரும் சத்தம் பெரும்பாலும் அழுக்கு, ஈரம், சரியாக உட்காராத பர்னர் மூடி என்று நாமே பார்த்துக்கொள்ளக் கூடியதாக இருக்கும். எல்லாத் திருகும் மூடியிருக்கும்போதும் 'உஸ்ஸ்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கேஸ் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது செய்ய வேண்டியது இதுதான்: ரெகுலேட்டரை மூடுங்கள், வீட்டில் எரியும் எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்சார சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்துத்தான், ஏனென்றால் சுவிட்சில் வரும் சின்னப் பொறியே போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, வாசல் கதவும் திறந்திருக்க வேண்டும். முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட்டு, வெளியே போய் 1906-க்கு போன் செய்யுங்கள். இந்தியா முழுக்க கேஸ் கசிவுக்கான அவசர எண் அது. நாற்றம் தெரியவில்லையே என்று சத்தத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், சளி பிடித்த மூக்குக்கு எதுவும் தெரியாது.

சிலிண்டர் மாற்றிய உடனே 'உஸ்' வந்தால் அதிகம் சந்தேகப்பட வேண்டியது சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷர். அது விரிசல் விட்டிருக்கலாம், இல்லாமலே கூட இருக்கலாம். அதனால்தான் சிலிண்டர் கொண்டு வருபவர் கிளம்பும் முன்பே, நம் கண் முன்னால் கசிவு பார்க்கச் சொல்ல வேண்டும், தயங்கவே வேண்டாம். ரெகுலேட்டரைத் திறந்த நொடியில் மட்டும் 'புஸ்' என்று கேட்டு அடங்கினால் டியூபில் கேஸ் நிறைகிறது, அது இயல்பு. நாற்றமோ விடாத 'உஸ்ஸ்' சத்தமோ இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால், அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எலி உள்ள வீட்டில் அதற்கு முன்பே அடிக்கடி தடவிப் பாருங்கள். டியூப் எங்காவது மடங்கியோ நசுங்கியோ இருந்தால் விசில் மாதிரி மெல்லிய சத்தம் வரலாம், நேராக்கினால் நின்றுவிடும். ரெகுலேட்டருக்குள்ளிருந்தே விசில் வந்தால் அதைப் பிரிக்காதீர்கள், ஏஜென்சியில் கொடுத்து மாற்றுங்கள்.

இனி தீயோடு வரும் சத்தம். பர்னருக்குள்ளிருந்து 'கொர்ர்ர்' என்று உறுமல், மேலே தீ சின்னதாகிவிடுகிறது அல்லது காணாமலே போகிறது, திருகுப் பக்கம் சூடேறுகிறது என்றால் தீ பின்வாங்கி உள்ளே எரிகிறது. உடனே அணையுங்கள், அப்படியே எரியவிட்டு சமையலை முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துளை வழியே கேஸ் வேகமாகப் பாயும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போய்க் கலந்து பர்னர் துளைகளில் எரிய வேண்டும், அந்த வேகம் குறைந்தாலோ காற்றின் அளவு மாறினாலோ தீ உள்ளே இறங்கிவிடும். ஜெட் அடைத்திருக்கலாம், குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம் (கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் முதலில் இதைப் பாருங்கள்), இல்லை கழுவி வைத்த மூடி கோணலாக உட்கார்ந்திருக்கலாம். நன்றாக ஆறிய பிறகு ரெகுலேட்டரை மூடிவிட்டு மூடியை எடுத்துத் துளைகளைக் குத்திவிட்டு, சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, அதன் பள்ளத்தில் ஆடாமல் பொருத்துங்கள்.

தீ பர்னரைவிட்டு எழும்பி 'புர்ர்' என்று ஊதுகிற மாதிரி எரிந்தால் காற்று அதிகம் என்று அர்த்தம். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் காற்று போதவில்லை. பால் பொங்கியோ சோற்றுக் கஞ்சி வழிந்தோ உள்ளே இறங்கியிருந்தால் 'படபட'வென்று வெடித்து வெடித்து எரியும், அதற்கும் கழுவிக் காயவைப்பதுதான் வைத்தியம், அவசரத்துக்கு ஈரத்தோடு மாட்டினால் அதே சத்தம் திரும்ப வரும். பற்றவைக்கும்போது 'குப்' என்று பிடித்தால் கேஸை முன்னாலேயே திறந்துவிடுகிறோம். லைட்டரைப் பர்னரருகே வைத்த பிறகு திருகைத் திருப்புங்கள்.

ஆட்டோ இக்னிஷன் அடுப்பு கையை எடுத்த பிறகும் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் துடைத்த தண்ணீர் திருகுக்கு அடியில் இறங்கியிருக்கும். பேட்டரி போடும் வகை என்றால் பேட்டரியைக் கழற்றி, ஒரு நாள் காயவிடுங்கள். அணைத்த அடுப்பு ஆறும்போது எப்போதாவது 'டக்' என்பது இரும்பு சுருங்குகிற சத்தம், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் உறுமல் நிற்கவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தீ பெரிதாக வரட்டும் என்று ஜெட் துளையைப் பெரிதாக்க அவரை விடாதீர்கள், பித்தளை மெத்தென்றது, ஊசி போட்டு நோண்டினாலே விரிந்துவிடும், அப்புறம் கேஸ்தான் வீணாகும். அடைத்தது போகவில்லையென்றால் அந்த அடுப்புக்குரிய புது ஜெட் போடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் சோப்பு நுரை தடவிப் பார்த்து, எல்லா பர்னரையும் சிம்மிலும் முழுத் தீயிலும் எரியவிட்டுக் கேட்டபிறகு அவரை அனுப்புங்கள்.