முதல் வேஷத்துக்கு ஒரு கை போதும்

காமிக்ஸ் ரசிகர்கள் பிடித்த பாத்திரத்தின் வேஷம் கட்டிக்கொண்டு கூடுகிற காமிக் கானுக்கு முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். தலையிலிருந்து கால்வரை கவசம் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு தோள்பட்டையும் பாதி ஹெல்மெட்டும் பரண்மேல் கிடக்கும், ஆள் சாதா டீ-ஷர்ட்டில் போய் நிற்பார். நானும் அப்படி நின்றவன்தான். அதனால் இரண்டாவது தடவை ஒரே ஒரு கை மட்டும் செய்தேன். இரும்புக்கை மாயாவியின் வலது கை.

இவரைவிடச் சிக்கனமான ஹீரோ கிடையாது. கரண்டில் விரலை வைத்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும்தான் வெளியே தெரியும். தெரியாத உடம்புக்கு எதற்கு மெனக்கெட்டுத் துணி தைக்க வேண்டும்? 1962-இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்தவர், 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழுக்கு வந்தார். சேலம் மாதிரி இரும்பாலை இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு வேறு யார் வேஷத்தைக் கட்டுவது என்றும் ஒரு நினைப்பு.

வேஷம் என்றுதான் சொல்கிறேன். காஸ்ப்ளே என்றால் வீட்டில் ஒரு முழு விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது, "வேஷம் கட்டப் போறேன்" என்றால் சேலத்தில் யாருக்கும் புரியும். ஆடி மாதம் குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வண்டி வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஜோடித்த லாரியின் மேல் சாமி வேஷம் கட்டியவர்கள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், கிரீடம் சரியாது, பின்னால் இருக்கிற பிரபை ஆடாது. அடுத்த ஆடியில் போகும்போது சாமியைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பின்பக்கம் போய்ப் பாருங்கள். கயிறு எங்கே கட்டியிருக்கிறார்கள், எடையை எது தாங்குகிறது என்று கவனியுங்கள். தெருக்கூத்துக்காரர்களின் புஜகீர்த்தியும் அப்படித்தான். தோளில் வெறுமனே உட்கார வைத்தால் கையைத் தூக்கியதும் காதில் இடிக்கும். உடம்போடு சேர்த்துக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். பிறகு எப்போதாவது கவசம் செய்தால் இது உதவும். இப்போது கைக்கு வருவோம்.

முதலில் அளவு. வலது கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன்மேல் பெயிண்டர்கள் ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பை முழங்கைவரை இறுக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். இதைத் தனியாகச் செய்ய முடியாது, எனக்கு அம்மாதான் ஒட்டினார், ஒட்டி முடிக்கிறவரை திட்டிக்கொண்டே. அப்புறம் விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். எங்கெங்கே டேப் சுருங்குகிறதோ அங்கெல்லாம் மார்க்கரால் கோடு போடுங்கள், அதுதான் மூட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் எழுதிவிட்டு வெட்டி எடுத்தால் உங்கள் கையின் தோலை உரித்து மேஜையில் விரித்த மாதிரி இருக்கும். நம்பர் எழுத மறந்தால் ஆள்காட்டி விரலா மோதிர விரலா என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும்.

அந்தத் துண்டுகளைச் செய்தித்தாளில் வரைந்து, அதை வைத்து ஃபோம் வெட்ட வேண்டும். இதற்கு ஈ.வி.ஏ. ஷீட்தான் சரி, நாம் போடுகிற ஹவாய் செருப்பின் தூரத்துச் சொந்தம். 2 மி.மீ. ஷீட் ஸ்டேஷனரி கடையில் பள்ளி புராஜெக்ட் சாமான்களோடு கிடைக்கும், விரல்களுக்கு அது. புறங்கைக்கும் முன்கைக்கும் 5 மி.மீ. வேண்டும், செருப்பு சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் குழந்தைகள் விளையாடுகிற நம்பர் போட்ட பாயும் இதே பொருள்தான், ஆனால் அது 10 மி.மீ. அளவுக்குத் தடிமனாக இருக்கும், கைக்கு ஆகாது, மார்புக் கவசத்துக்கு ஆகும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கட்டரில் புது பிளேடு போட்டு, செங்குத்தாகப் பிடித்து, ஒரே அழுத்தாக அழுத்தாமல் இரண்டு மூன்று தடவை இழுத்து வெட்டினால் ஓரம் வெண்ணெய் மாதிரி வரும். பிளேடு மழுங்கினால் ஃபோம் பிய்ந்துகொண்டு வரும், அந்தப் பிய்ந்த ஓரம் பெயிண்ட் அடித்த பிறகும் காட்டிக்கொடுக்கும். பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது சூடு. வெட்டிய துண்டு தட்டையாக இருக்கும், விரல் உருண்டை, எனவே வளைக்க வேண்டும். ஹீட் கன் இல்லையென்றால் வாங்க ஓடாதீர்கள். பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற கடைகளில் இருக்கும், கூட்டமில்லாத நேரமாகப் போய்க் கேட்டால் கொடுப்பார்கள். காற்றை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள், மேல்பரப்பு லேசாகப் பளபளக்கும், அதுதான் பதம். நுண்துளைகள் அடைபட்டுவிட்டன என்று அர்த்தம். உடனே எடுத்து விரல் துண்டை மார்க்கர் பேனாமேலும், முன்கைத் துண்டைச் சொம்புமேலும் வைத்து ஆறும்வரை பிடித்தால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். பதம் தாண்டினால் கொப்புளம் வரும், புகை வரும், அந்தப் புகை நல்லதல்ல. மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

ஒட்டுவதற்கு சோபா கடைக்காரர்கள் ரெக்சின் ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசை. இதில் பொறுமைதான் எல்லாம். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். காய்ந்த பிறகு சேர்த்தால் தொட்ட இடத்தில் தொட்டபடி பிடித்துவிடும், திருத்த முடியாது, அதனால் ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். நெடி தலையைச் சுற்ற வைக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். ஹீட் கன்னையும் பசை டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், பூஜை அறை பக்கமும் போகாதீர்கள்.

துண்டுகளை ஒட்டுவது நேராக உங்கள் கையில் அல்ல, பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற மெல்லிய கறுப்புத் துணிக் கையுறையின் மேல். ஒரு விரலுக்கு மூன்று துண்டு, மூட்டில் ஒரு நெல்மணி அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளி இல்லாவிட்டால் விரல் மடங்காது. பார்ப்பவர் கண்ணுக்குக் கறுப்பு இடைவெளி நிழலாகத்தான் தெரியும்.

பெயிண்ட் அடிக்குமுன் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து நான்கு கோட். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. நேரடியாக ஸ்பிரே அடித்தால் ஃபோம் குடித்துவிடும், மிச்சம் இருப்பது மடக்கும்போது வெடிக்கும். அப்புறம் கறுப்பு, அதன்மேல் சில்வர்.

இங்கேதான் நான் சொதப்பினேன். சில்வர் அடித்து முடித்ததும் கை அசல் இரும்பு மாதிரி இல்லை, புது அலுமினியக் குண்டான் மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வாங்கிப் பார்த்தார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். "மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையா இருந்தா எப்படிக் கண்ணு, பள்ளத்துல கறுப்பு நிக்கணும், மேட்டுல மட்டும் தேய்ச்சு எடுக்கணும்" என்றார். பட்டறையில் கறுப்பேற்றிய ஒரு கொலுசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பூ வேலையின் இடுக்கெல்லாம் கரி மாதிரி, விளிம்பு மட்டும் மின்னியது. கறுப்பை எடுத்துவிட்டால் அந்தப் பூவே கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கறுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துக் கை முழுக்கப் பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் மேடுகளைத் துடைத்தேன். அடுத்து, ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷில் துளி சில்வரைத் தொட்டு, அதையும் பேப்பரில் துடைத்துவிட்டு, மூட்டு விளிம்புகளில் மட்டும் லேசாக உரசினேன். அரை மணி நேர வேலை. குண்டான் கையாகிவிட்டது. இணையத்தில் இதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, எனக்கென்னவோ அந்தக் கொலுசைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் கொலுசு வாங்கப் போகும்போது கூடவே போய் இடுக்குகளைப் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

கடைசியாக மேலே அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கோட். நான் அதை அடிக்காமல் போட்டோ எடுக்க ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்வரை கை நன்றாக இருந்தது. பகோடா பாயிண்ட்டில் மூடுபனி வந்தது, படத்துக்கு அருமையான பனி, பனிக்குள்ளிருந்து கை மட்டும் நீளுகிற மாதிரி நாலு படமும் எடுத்தோம். அதற்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்துவிட்டன. ஃபெவிகால் காய்ந்தாலும் ஈரம் பட்டால் இளகும், கீழே சேலத்து வெயிலில் இது தெரியவே தெரியாது. அந்த நாலு படத்துக்காக இரண்டு விரலை மறுபடி செய்தேன். மழைக்காலத்தில் மலையில் இருப்பவர்கள் பெயிண்ட் வேலையை அங்கே வைத்துக்கொள்ளவே வேண்டாம். வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: நிறுத்திவைத்த காருக்குள் விட்டால் பசை விட்டுக்கொள்ளும், வளைவு தளர்ந்துவிடும்.

உடம்புக்கு முழுக்கைக் கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட், அவ்வளவுதான். உங்கள் பாத்திரத்துக்கு அங்கியோ கோட்டோ வேண்டுமென்றால் தெரிந்த பிளவுஸ் டெய்லர் அக்காவிடம் முன், பின், பக்கவாட்டு என்று மூன்று படம் காட்டுங்கள், பெரிய கடை டெய்லரைவிட இவர்களுக்கு வளைவு நன்றாக வரும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கொடுத்துவிட்டு அவசரப்படுத்தாதீர்கள். ரெக்சின் துணி படத்தில் ஜோராக இருக்கும், அரங்கக் கூட்டத்தில் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி வேகும். காட்டனே போதும்.

சென்னையில் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. அதுவரை நமக்கு பெங்களூருதான். சேலத்திலிருந்து பார்த்தால் இன்றைக்கும் பெங்களூருதான் கிட்டம்: அது சுமார் 200 கி.மீ., சென்னை 340. சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியுமுன் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் இறங்கி ஆட்டோ. கையைக் காலணி அட்டைப்பெட்டியில், உள்ளே கசக்கிய செய்தித்தாள் திணித்து எடுத்துப் போங்கள், பெட்டியைத் தலைமாட்டில் வையுங்கள். சீட்டுக்கு அடியில் வைத்தால் யாராவது பையைத் தள்ளி நசுக்குவார்கள்.

வாசலில் சோதனை உண்டு. உலோகம், கூர்முனை, நிஜத் துப்பாக்கி மாதிரியான சாமான் எதுவும் வேண்டாம். விதிகளை டிக்கெட் வாங்கும்போதே படித்துவிடுங்கள், போட்டியில் சேர வேண்டுமென்றால் பதிவு எப்போது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவர்கள் எப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள், அதனால் அம்மா டேப் ஒட்டியதிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பையில் ஊக்கு, டபுள் டேப், சின்ன பசை டியூப், மாற்றுச் செருப்பு, தண்ணீர். ஒரு விஷயம் யாரும் சொல்லித் தருவதில்லை: ஃபோம் விரலுக்கு போன் ஸ்கிரீன் வேலை செய்யாது. ஒரு ஸ்டாலில் கியூஆர் கோடு முன் நின்றுகொண்டு இடது கையால் பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாகப் போட்டேன், பின்னால் வரிசை. கொஞ்சம் காசாக வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் போகுமுன் தனியாகக் கழற்றி மாட்ட முடிகிறதா என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். முழுக்கவசக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் திரிவதை நான் பார்த்திருக்கிறேன், அது வீரம் இல்லை.

வேஷம் கட்டியவர்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். தொடவே தொடாதீர்கள், பெண்களாக இருந்தால் இன்னும் கவனம். உங்களைக் கேட்டால் சட்டென்று நிற்க ஒரு போஸ் தயாராக இருக்கட்டும். நான் அட்டையில் ஒரு சுவிட்ச் போர்டு செய்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் விரலை அந்த பிளக் ஓட்டையில் வைத்துக் காட்டினேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ரோபோவா என்று கேட்டார்கள். மகளை அழைத்து வந்த ஒருவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், தூரத்திலேயே நின்று, "வலது கைதானே? சரியாத்தான் செஞ்சிருக்கே!" என்றார். மகளிடம் முழுக் கதையையும் சொல்லி முடிக்கிறவரை என்னை நகர விடவில்லை.

திரும்பி வந்ததும் உள் கையுறையை உலர விடுங்கள், இல்லாவிட்டால் நாறும். மடித்தோ நசுக்கியோ வைக்காமல் ஏதாவது பாட்டிலின் மேல் நிற்க வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். என்னுடையது டிவி பக்கத்தில் நிற்கிறது, அம்மா அதன் சுண்டு விரலில் வண்டிச் சாவியை மாட்டிவைக்கிறார்.