கீபோர்டு வாங்கக் கிளம்பும் முன்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் காலையிலேயே போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, உள்ள போக மாட்டேங்குது. எஃப்1 அமுக்கச் சொல்லுது, அமுக்கினா ஒண்ணும் நடக்கல." புதுக் கீபோர்டு வாங்கக் காரைக்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனேன். சிமெண்டுத் தூசி துடைக்க பில் போடும் மேசையை நகர்த்தி, ஒயர்களைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் டார்ச் அடித்தால், ஊதா போர்ட்டில் மவுஸ், பச்சையில் கீபோர்டு.

இந்த வட்டமான பி.எஸ்/2 போர்ட்டுகள் 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்தவை. இரண்டுக்கும் 6 பின் (ஊசி போன்ற கம்பி), ஒரே அளவு. அதனால் மாற்றிச் சொருகினாலும் சிக்கென்று உட்காரும். நிறம்தான் அடையாளம்: ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரே போர்ட் இருந்தால் எதையும் மாட்டலாம்.

தப்பு தெரிந்ததும் மெஷின் ஓடும்போதே பிடுங்கி மாற்றுவது அதைவிடப் பெரிய தப்பு. பி.எஸ்/2 அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் 5 வோல்ட் வருகிறது. மதர்போர்டில் இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடலாம். ஷட்டவுன் செய்து, சுவிட்சையும் அணைத்துவிட்டு மாற்றுங்கள். திருகி அழுத்தாதீர்கள், பிளக்கில் உள்ள அந்தக் கம்பி வளையும்.

யு.எஸ்.பி. கீபோர்டில் வேறு சிக்கல். விண்டோஸ் வந்தபின் நன்றாக ஓடும். அதற்கு முன் டெலீட் அழுத்தினால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை புரோகிராம்) திறக்காது. விண்டோஸுக்குச் சொந்த டிரைவர் (கீபோர்டை இயக்கும் சாஃப்ட்வேர்) உண்டு, அது வரும்வரை கீபோர்டைக் கவனிக்க வேண்டியது பயாஸ்தான். அங்கே 'யு.எஸ்.பி. லெகஸி சப்போர்ட்' அணைந்திருந்தாலோ, சீக்கிரம் ஆன் ஆக வைக்கும் 'ஃபாஸ்ட் பூட்' யு.எஸ்.பி.யைத் தாண்டிப் போனாலோ கீபோர்டு அதன் கண்ணில் படாது. சரி, கீபோர்டே இல்லாமல் அந்த செட்டிங்கை எப்படி மாற்றுவது? இதற்காகவே என் பையில் ஒரு பழைய பி.எஸ்/2 கீபோர்டு எப்போதும் இருக்கும். மெஷினில் அந்த போர்ட்டும் இல்லையென்றால் சி.எம்.ஓ.எஸ். ரீசெட்தான் (பயாஸ் செட்டிங்குகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது) வழி.

விண்டோஸ் 7 போடும்போது நீல நிற யு.எஸ்.பி. 3.0 போர்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதற்கான டிரைவர் அந்த இன்ஸ்டாலில் கிடையாது. மவுஸ் பாதியில் நின்றுவிடும். கறுப்பு 2.0 போர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். அப்புறம், கடையில் கிடைக்கும் சின்ன கன்வெர்ட்டரை நம்பி எந்த யு.எஸ்.பி. கீபோர்டையும் வட்ட போர்ட்டில் மாட்ட முடியாது. இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது பலிக்கும்.