தரைத்தள வீட்டில் ஐப்பசி, கார்த்திகையை ஓட்டுவது எப்படி

தண்ணீர் வாசல் வழியாக வராது. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு நானும் என் கணவரும் வாசற்படியில் எட்டு மணல் மூட்டைகளை அடுக்கி, இடுக்கில் பழைய போர்வையைத் திணித்து, கோட்டைக் காவலர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஒரு சொட்டு வரவில்லை. பின்னால் குளியலறையில் குபுக் குபுக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் தரையில் இருக்கும் ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. என்ன தண்ணீர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2009இல் சென்னை மடிப்பாக்கத்தில் தரைத்தளத்துக்குக் குடிவந்தோம், இன்னும் அங்கேதான் இருக்கிறோம். இப்போது என் தம்பி மகள் வேலைக்காக வேளச்சேரியில் தரைத்தள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். திருச்சியில் வளர்ந்த பெண். "வாடகை கம்மி அத்தை" என்றாள். கம்மியாகத்தான் இருக்கும். வேளச்சேரிக்கு ஓர் ஏரி உண்டு, அதில் பெரும்பகுதி எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. அவளை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடு பார்க்கும்போதே வேலை ஆரம்பிக்கிறது. ஓனரிடம் கேட்டால் "நம்ம தெருவில தண்ணியே நிக்காது" என்பார். சென்னையில் எந்த ஓனர் தெருவிலும் தண்ணீர் நின்றதில்லை. அவரை விட்டுவிட்டுத் தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். "2015இல் எதுவரைக்கும் வந்தது, 2023இல் எதுவரைக்கும் வந்தது?" என்று வருடம் சொல்லிக் கேட்டால் முட்டியையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார். அப்புறம் ஈ.பி. மீட்டர் பெட்டியைப் பாருங்கள். புதுச் சிமெண்ட் பூசி, ஆள் உயரத்துக்கும் மேலே தூக்கி மாட்டியிருந்தால் காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டார்கள்.

வேலை எல்லாம் புரட்டாசியில் முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதன்பின் பிளம்பர் போனை எடுக்க மாட்டார்.

பிளம்பரிடம் கேட்க வேண்டியது, உங்கள் வீட்டுக் கழிவுக் குழாய் சேம்பரில், அதாவது வெளியே மூடி போட்ட கழிவுநீர்த் தொட்டியில், சேரும் இடத்தில் ஒரு என்.ஆர்.வி. வால்வு. தண்ணீர் வெளியே போகும், திரும்பி உள்ளே வராது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாடி வீடுகளின் குழாயும் உங்கள் குழாயும் சேர்ந்த பிறகு வால்வைப் போட்டால், வெளியே வழி அடைத்த நேரத்தில் மாடியில் யார் ஃபிளஷ் இழுத்தாலும் அது உங்கள் குளியலறையில்தான் வந்து நிற்கும். உங்கள் வீட்டுக் கிளைக்கு மட்டும் தனியாகப் போடச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் ஓனர் சம்மதிக்காவிட்டால் மணல்தான் கதி. கனமான பிளாஸ்டிக் கவரில் மணலைக் கொட்டிக் கட்டி, பழைய துணியில் சுற்றி, கக்கூஸ் கோப்பைக்குள் அழுத்தி வையுங்கள். ஜாலி மேல் ஈரத்துணி, அதன் மேல் மணல் மூட்டை. மூட்டையை முழுக்க நிரப்பக் கூடாது, பாதிதான். நிரம்பிய மூட்டை கல் மாதிரி நிற்கும். பாதி மூட்டைதான் தரையோடு படிந்து அடைக்கும். இது தெரியாமல்தான் அன்றைக்கு எட்டு மூட்டையையும் தொண்டை வரை நிரப்பினோம்.

அடுத்தது சம்ப், தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதன் மூடி தரை மட்டத்தில் இருந்தால் தெருத் தண்ணீர் முதலில் அங்கேதான் இறங்கும். மூடியைச் சுற்றி ஓரடி உயரத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டிவிடுவது நல்லது. அதற்கும் வழியில்லை என்றால் ரெட் அலர்ட் அன்று மேல்தொட்டியை முழுக்க ஏற்றிவிட்டு, சம்ப் மூடியைத் தார்ப்பாயால் கட்டுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழியையும் மறக்க வேண்டாம். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டபோது கட்டிய குழி பல வீடுகளில் இன்று செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கிறது. ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செ.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. பெய்தால் 9,300 லிட்டர். மே மாதம் காசு கொடுத்துக் காத்துக் கிடந்து வாங்குகிறோமே, அந்த 9,000 லிட்டர் லாரி ஒன்று, ஒரே நாளில், இலவசமாக. அதைத்தான் தெருவில் விட்டு நாமே அதில் நடக்கிறோம்.

வீட்டுக்குள் எதை உயர்த்துவது என்பதற்கு என் கணக்கு ஒன்று இருக்கிறது. இரும்பு பீரோ கிடக்கட்டும், துரு பிடித்தாலும் பிழைக்கும். பிளைவுட் அலமாரி ஒரே இரவில் ஊறி அப்பமாகிவிடும், ஆகவே அதை வாங்கவே வாங்காதீர்கள். ஃபிரிட்ஜுக்குச் செங்கல் போதாது, ஹாலோ பிளாக் வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருக்கவே கூடாது. பத்திரம், சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் ஜிப் கவரில் போட்டுப் பரணில். எங்கள் வீட்டுப் பத்திரம் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஃபேனுக்குக் கீழே ஒரு வாரம் காயவைத்தேன். ரப்பர் ஸ்டாம்ப் மை பரவி, சார்பதிவாளர் கையெழுத்து இப்போது மயில்தோகை மாதிரி இருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமான தயாரிப்பு, மாடி வீட்டாரோடு பார்க்கிங் சண்டை ஏதாவது இருந்தால் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்வது. 2015இல் நாங்கள் மூன்று இரவு தூங்கியது முதல் மாடி அக்கா வீட்டில்தான். அதற்கு முந்தைய மாதம்வரை ஸ்கூட்டர் நிறுத்துகிற விஷயத்தில் அவரும் நானும் முகம் பார்த்துப் பேசவில்லை.

இனி வானிலை. டிவியில் "புயல் எங்கே கரையைக் கடக்கும்" என்று அம்புக்குறி போட்டு நாள் முழுக்க ஓட்டுவார்கள். தரைத்தளத்துக்காரருக்கு அது இரண்டாம் பட்சம். 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னை மேலேயே ஏறிப் போனது. மரங்கள் சாய்ந்தன, நாள் கணக்கில் கரண்ட் இல்லை, ஆனால் என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. 2023இல் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம். போகிற வழியில் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக நகர்ந்து டிசம்பர் 3, 4 இரண்டு நாளும் கொட்டித் தீர்த்தது. ஆகவே கடக்கும் இடத்தை விடுங்கள். எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள்.

வார்த்தைகளுக்கும் அளவு உண்டு. வானிலை மையம் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை. மிக கனமழை என்றால் 20.4 வரை. அதற்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. காலைச் செய்தியில் வரும் செ.மீ. எல்லாம் முந்தைய நாளின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. 2015இல் அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. சென்னையில் மழை அளக்கும் நிலையங்களில் நாங்கள் பார்க்க வேண்டியது மீனம்பாக்கம் கணக்கு. நுங்கம்பாக்கத்தில் தூறல் இருக்கும்போது இங்கே ஊற்றியிருக்கிறது.

அந்த எண்ணை உங்கள் தெருவுக்கு மொழிபெயர்க்க வேண்டும். எங்கள் கேட் தூணில் பெயிண்டால் மூன்று கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் செ.மீ.யும் எழுதி வைத்திருக்கிறேன். எங்களுக்கு 10 செ.மீ. என்றால் கணுக்கால், 15 என்றால் முதல் படி. 20 என்று பேச்சு வந்தாலே பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவோம், அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே. நீங்களும் முதல் வருடமே கோடு போட ஆரம்பியுங்கள்.

மழை விட்டதும் தண்ணீர் வடிந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். இந்தப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரும் அதே சதுப்புக்குத்தான் வரும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறி நின்றால் தண்ணீரை வாங்காது. அதனால் மழைக்காலத்தில் நான் நாள்காட்டியில் முதலில் பார்ப்பது அமாவாசையைத்தான். விரதத்துக்காக என்று என் மாமியார் சந்தோஷப்பட்டார்.

பள்ளி லீவு விஷயம். கலெக்டர் அறிவிப்பது மாவட்டத்துக்கு மாவட்டம். 2018க்கு முன்னால் மடிப்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டம், என் மகன் படித்த வேளச்சேரி சென்னை மாவட்டம். டிவியில் வானிலை மையத்து ரமணன் சார் முகத்தைப் பார்த்ததுமே பையன் ஷூவைக் கழற்றிவிடுவான். பிறகு எந்த மாவட்டத்துக்கு லீவு என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். இப்போது இரண்டும் சென்னை, அந்தக் குழப்பம் இல்லை.

ரெட் அலர்ட் வந்த அன்று ஊரே பாலுக்கும் பிரெட்டுக்கும் ஓடும். நீங்கள் ரவை, பருப்பு, பால்பவுடர், மூன்று தண்ணீர் கேன் வாங்கிவிட்டு வந்துவிடுங்கள். இட்லி மாவை அதிகம் அரைக்காதீர்கள், கரண்ட் போனால் மொத்தமும் பொங்கிவிடும். கையில் பத்து, நூறு ரூபாய் நோட்டாகக் காசு வேண்டும். செல்போன் டவர் விழுந்த அன்று பெட்டிக்கடைக்காரர் ஜிபே வாங்க மாட்டார். தெருவில் தண்ணீர் நின்றால் ஈ.பி.காரர்களே லைனை அணைத்துவிடுவார்கள். அது நம் உயிருக்காக, திட்டாதீர்கள். 94987 94987 மின்னகம், 1913 மாநகராட்சி, இரண்டையும் போனில் போட்டு வைப்பதோடு சுவரிலும் எழுதி வையுங்கள். வட, கிழக்குப் பக்க ஜன்னல்களை இழுத்துச் சாத்துங்கள், சாரல் அங்கிருந்துதான் அடிக்கும்.

வண்டி தண்ணீரில் முங்கிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஸ்கூட்டரானால் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள். காரில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிடும், பாலிசியோடு எஞ்சினுக்கென்று கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் இன்சூரன்ஸ் பேசும். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலம் முழுக்கக் கார்களை நிறுத்தினார்களே, நாடே சிரித்தது. மறுநாள் எதிர்பார்த்த மழையும் வரவில்லை. நான் சிரிக்கவில்லை. எங்களிடம் கார் இருந்திருந்தால் முதல் கார் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

தண்ணீர் வந்தே விட்டது என்றால், வடிய ஆரம்பிக்கும்போதே துடைப்பத்தோடு இறங்குங்கள். கடைசி அரையடித் தண்ணீரிலேயே சேற்றைக் கலக்கித் தள்ளிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கரண்டி போட்டுச் சுரண்டினாலும் வராது. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். செருப்புக்குள் காலை விடும் முன் தட்டிப் பாருங்கள், மரவட்டையாவது இருக்கும். அதன்பின் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "வெள்ளத் தண்ணியில நடந்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று அவர் பார்க்க வேண்டும்.

எப்போது முடியும் என்று கேட்டால், கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை என்பார் என் மாமியார். சென்னைக்கு அது பெரும்பாலும் பலித்திருக்கிறது. நான் சொன்ன 2015, வர்தா, மிக்ஜாம் மூன்றுமே கார்த்திகைதான். ஆனால் 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டத் தொடங்கியது மார்கழி முதல் தேதி. அதனால் பொங்கல் வரை மூட்டைகளை அவிழ்ப்பதில்லை. தை பிறந்ததும் மணலைச் செடித்தொட்டிகளில் கொட்டிவிட்டு, சாக்குகளை அலசிக் காயவைத்து மடித்துப் பரணில் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். தம்பி மகளுக்கும் நான்கு சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மணல் அவள்தான் வாங்க வேண்டும்.