சாரல் மாதத்தில் ஓர் அரூப ஓவியம்: திட்டம் வேண்டாம், பொருட்கள் வேண்டும்

அரூப ஓவியம் என்றால் எந்த உருவத்தையும் காட்டாத படம். என்ன வரையப் போகிறோம் என்று முடிவு செய்யாமல், தாளில் விழுந்ததைப் பார்த்து அடுத்ததை வைப்பதுதான் இந்த முறை. ஆனால் வண்ணங்களையும் யோசிக்காமல் எடுத்தால் மிஞ்சுவது சேறுதான்.

வேண்டியவை: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டியான ஏ3 தாள் (சார்ட் அட்டை தண்ணீர் பட்டதும் சுருண்டுவிடும்), மாஸ்கிங் டேப், 2 அங்குலப் பிரஷ், காலாவதியான ஏடிஎம் கார்டு, பல்குத்தும் குச்சி, இரண்டு மக் தண்ணீர். அக்ரிலிக் வண்ணத்தில் அல்ட்ராமரைன் நீலம், மஞ்சள் ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை. கறுப்பு வாங்க வேண்டாம். நீலமும் சியன்னாவும் சேர்ந்தாலே கிட்டத்தட்டக் கறுப்பு வரும்.

1. தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். ஓக்கரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து தாள் முழுக்கப் பூசுங்கள். வெள்ளைத் தாளைப் பார்த்தால் வரும் தயக்கம் இதோடு போகும்.

2. காயவிடுங்கள். வழக்கமாக 20 நிமிடம் போதும். ஜூன், ஜூலையில் செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் பிடித்தால் கடிகாரத்தை நம்பாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதன்மேல் தேய்த்தால் கீழ் அடுக்கு உரிந்து வரும்.

3. கார்டின் விளிம்பால் நீலத்தையும் சியன்னாவையும் இழுங்கள். பழக்கமில்லாத கையால் செய்தால் நல்லது, பழகிய கை பூவும் மலையும் போட்டுவிடும். ஈரத்திலேயே குச்சியால் கீறுங்கள். 1966-ல் சென்னை அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் பிற்காலப் படங்களில் எழுத்தும் ஜாதகக் கட்டமும் அர்த்தம் தராத வெறும் குறிகளாக நிற்கும். கீறலுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

4. காய்ந்த பின் ஆறடி தள்ளி நின்று, தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கண் திரும்பத் திரும்பப் போகிற ஓர் இடத்தை விட்டுவைத்து, மற்றதில் பாதியையாவது மூடுங்கள். உள்ளுணர்வுக்கு உண்மையான வேலை இங்கேதான். போடுவதைவிட மூடுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும். நீலமும் சியன்னாவும் ஒளி ஊடுருவும் வண்ணங்கள், தனியாகப் பூசினால் எதையும் மறைக்காது. வெள்ளை கலந்து, தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாகப் பூசுங்கள்.

பறவை, முகம் என்று ஏதாவது தென்பட்டால் குறுக்கே ஒரு பட்டை இழுத்து உடைத்துவிடுங்கள். எல்லாக் கோடும் ஒரே அளவில் இருந்தால் படம் சேலை டிசைன் போல ஆகிவிடும், ஒன்றையாவது பெரிதாக்குங்கள்.

5. அடுத்தடுத்து இரண்டு முறை, வைத்ததையே மூடினீர்களா? அங்கே நிறுத்துங்கள். பிரஷை உடனே கழுவுங்கள். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போகாது. படம் காய்ந்ததும், டேப்பைப் படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். ஈரக்காற்றில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் தாளும் சேர்ந்து கிழிந்து வரும்.