கருத்தரிக்க முயலும் பெண்ணும் மதுவும்: கணக்கில் நேரும் தவறுகள்

குழந்தைப்பேறு தள்ளிப்போகிறது என்று வரும் பெண்ணிடம் "மது அருந்துவதுண்டா?" என்று மருத்துவர் கேட்கும்போது, பக்கத்து நாற்காலியில் மாமியார் இருந்தால் "இல்லை" என்ற விடைதான் வரும். முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்பவர்களும் பல நேரங்களில் அளவைக் குறைத்தே சொல்கிறார்கள். ஆல்கஹாலை விட்டுவிட்டுக் கோப்பையை எண்ணுவதே காரணம். 30 மில்லி விஸ்கி, அதாவது ஒரு 'ஸ்மால்', ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் கொண்டது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 40 கிராம் இருப்பதால், "ஒரே ஒரு பீர்தான்" என்பது நான்கு ஸ்மாலுக்குச் சமம். பெண்ணுடலில் நீரின் விகிதம் குறைவு என்பதால், அதே எடையுள்ள ஆணைவிட அவள் ரத்தத்தில் ஆல்கஹாலின் செறிவு கூடுதலாகவே ஏறும்.

டென்மார்க்கில் கருத்தரிக்க முயன்ற 6,120 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 14 கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அவ்வளவு குடித்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அந்த எண்ணை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. அதற்குக் குறைவாகக் குடித்தவர்களிடம் தெளிவான வேறுபாடு தென்படவில்லை என்பதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வது பெரிய தவறு என்பேன். ஏனெனில் சிசுவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் கரு உருவான ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குள் தான் கர்ப்பம் என்பதையே பல பெண்கள் அறிந்திருக்க மாட்டார்கள்; அறியாமல் குடிக்கும் மது சிசுவைப் பாதிக்கலாம்.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதே என்று ஆறுதல் கொள்வதும் சரியன்று. மிகையான குடி, மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் ஹார்மோன் கட்டளைகளைக் குலைத்துவிடும். உதிரப்போக்கு வந்தும் முட்டை வெளிவராத மாதங்கள் உண்டு. கணவரின் குடியைக் கணக்கில் சேர்க்காததும் இதே வகைப் பிழைதான். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், அவரும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர், குழந்தைக்காக என்று ஒரே இரவில் தானாகவே நிறுத்துவது ஆபத்தானது. கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, ஓரிரு நாட்களில் வலிப்புவரை போகலாம். மனநல மருத்துவரின் மேற்பார்வையில் மருந்தும் தயமினும் (வைட்டமின் பி1) பெற்று நிறுத்துவதே முறை; கருத்தரிக்க முயல்வதையும் அவரிடம் சொல்லிவிட்டால், அதற்கேற்ற மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார்.