கொதிக்கிற கேத்திலில் எது அறுகிறது?

கேத்திலில் தண்ணீர் கொதிக்கும்போது எந்தப் பிணைப்பு அறுகிறது என்று உயர்தர உயிரியல் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஐதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையில் உள்ளது என்று பாதிப் பிள்ளைகள் சொல்வார்கள். அப்படியென்றால் கேத்தில் மூக்கால் ஐதரசன் வாயு வர வேண்டுமே, குசினியே பற்றிக்கொள்ளாதா? நீர் மூலக்கூறுக்கு உள்ளே இருப்பது பங்கீட்டுவலுப் பிணைப்பு, அதாவது அணுக்கள் இலத்திரன்களைப் பங்கிட்டுப் பிடித்துக்கொள்வது; அது அசைவதில்லை. ஐதரசன் பிணைப்பு என்பது ஒரு மூலக்கூறின் ஐதரசனுக்கும் பக்கத்து மூலக்கூறின் ஒட்சிசனுக்கும் இடையிலான ஈர்ப்பு. கொதிக்கையில் அறுவது அதுதான். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், பெயரே அப்படிக் குழப்புகிறது.

இதில் வழுக்கினால் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையும் விளங்காது. நண்பகல் மணல் காலைச் சுடும், நாலு எட்டு வைத்தால் தண்ணீர் குளிர்மையாக இருக்கும். ‘நீர் வெப்பத்தை எடுப்பதில்லை’ என்று பிள்ளைகள் விடையில் எழுதுகிறார்கள். உண்மை நேரெதிர். ஒரு கிராம் நீரை ஒரு பாகை செல்சியசு சூடாக்க ஏறக்குறைய 4.2 யூல் வேண்டும். மணலுக்கு அதில் ஐந்திலொன்று போதும். நீர் நிறையவே வாங்குகிறது, ஆனால் அதில் ஒரு பங்கு ஐதரசன் பிணைப்புகளைக் குலைக்கவே போய்விடுகிறது.

சரி, தயிருக்கு வருவோம். படுவான்கரை எருமைத் தயிர் சட்டியைச் சரித்தாலும் அசையாது. பால் இப்படி இறுகுவதைப் ‘புரதம் அமினோ அமிலங்களாக உடைந்துவிட்டது’ என்று எழுதினால் பிழை. கலந்துவிட்ட பழைய தயிரில் உள்ள பற்றீரியா, பாலின் இலக்ரோசை இலக்ரிக் அமிலமாக்குகிறது. புளிப்பு ஏறி பீஎச் (புளிப்பு ஏற ஏறக் குறையும் அளவு) 4.6 அளவுக்கு இறங்கும்போது, அதுவரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்த கேசீன் என்னும் பாற்புரதத் துணிக்கைகளுக்கு அந்தத் தள்ளும் மின்னேற்றம் இல்லாமல் போகிறது. ஒட்டிக்கொண்டு வலைபோல ஆகி, நீரையும் கொழுப்பையும் உள்ளே பிடித்துவைக்கின்றன. அமினோ அமிலங்களைக் கோர்த்த பெப்தைட்டுப் பிணைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை அறுப்பது தின்றவருடைய குடலின் வேலை. முட்டை அவிப்பதும் இப்படித்தான்: சங்கிலியின் மடிப்புக் குலையும், சங்கிலி அறாது.

அந்த எருமை தின்றது வைக்கோல், நாங்கள் தின்பது அதே வயலின் சோறு. இரண்டிலும் குளுக்கோசுச் சங்கிலிதான்: வைக்கோலில் செலுலோசு, சோற்றில் மாப்பொருள். ‘செலுலோசில் குளுக்கோசு இல்லை’ என்பது அடிக்கடி காணும் பிழை. மாப்பொருளில் இருப்பது அல்பாக் குளுக்கோசு, செலுலோசில் இருப்பது பீற்றாக் குளுக்கோசு; வடிவம் சற்று வேறு, அதனால் கோர்வையும் வேறு. அந்தக் கோர்வையை அறுக்கும் நொதியம் எங்களிடம் இல்லை. எருமையிடமும் இல்லை, அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணங்கிகளிடம் இருக்கிறது.

கொழுப்பைப் பல்பகுதியம், அதாவது ஒரேமாதிரிச் சிறு அலகுகள் பல கோர்த்த நீண்ட சங்கிலி, என்று எழுத வேண்டாம். ஒரு கிளிசரோலோடு மூன்று கொழுப்பமிலம்; ஒவ்வொரு பிணைப்பு உண்டாகும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும், ஆக வெளியேறும் நீர் 3, அவ்வளவுதான். 100 அமினோ அமிலம் ஒரு சங்கிலியாகக் கோர்பட்டால் வெளியேறுவது 99. அவசரத்தில் எல்லாரும் 100 போடுவார்கள்.

படிக்கிற காலத்தில் நானும் ஒன்றில் சறுக்கினேன். சீனிக் கரைசலைப் பெனடிக்ற் கரைசலோடு சூடாக்கினேன்; தாழ்த்தும் வெல்லம் இருந்தால் நீலத்திலிருந்து நிறம் மாறும் சோதனை அது. நீலம் நீலமாகவே நின்றது. மருந்து பழுது என்று ஊற்றிவிட்டேன். மருந்தில் ஒரு பழுதும் இல்லை. சீனி என்பது சுக்குரோசு; அதில் குளுக்கோசும் பிரக்ரோசும் பெனடிக்ற் கரைசலோடு தாக்கமுற வேண்டிய தங்கள் தாழ்த்தும் முனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. முதலில் ஐதான அமிலத்தோடு சூடாக்கி அந்தப் பிணைப்பை அறுத்து, நடுநிலையாக்கி, அப்புறம் சோதித்திருந்தால் செங்கட்டி நிறம் வந்திருக்கும்.